மாரிக்கும் கோடைக்கும் நிற்கும் கிற்றார்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கிற்றார். அதை எப்படி வாசிப்பது என்று சொல்ல இங்கே இசை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதை எதனால் செய்வது என்பதுதான் என் கேள்வி. மாரியில் ஊறிக் கோடையில் காயும் எங்கள் வன்னி மண்ணில், முழு மரத்துக்குப் பதிலாகக் கண்ணாடி நாரும் காபன் நாரும் ஒட்டுத் தகடும் கொண்டு கிற்றார் செய்யலாமா? செய்தால் அது இசைக்கருவியாக இருக்குமா, வெறும் சாமானாகப் போய்விடுமா? செய்யலாம் என்கிறேன். செய்யவேண்டும் என்கிறேன். அதைச் செய்யக்கூடிய கைகளைத் தேடிக் கடல் கடந்து போகத் தேவையில்லை, அவை கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவிலேயே இருக்கின்றன என்றும் சொல்கிறேன். இந்த மூன்றையும் நிறுவுவதே இன்று என் வேலை.

முதலில் எங்கள் வானத்தைப் பார்ப்போம். வன்னிக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வாடைக்காற்றோடு வரும் அந்த மாதங்களில் துவைத்த உடுப்புக் காயாது, சாடியில் உப்பு நீர்விடும், கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். மே மாதம் தாண்டினால் சோளகம். குளத்தின் அடி வெடிக்கும், அதே கதவு இப்போது கலகலத்து ஆடும். மழைக்கால இரவில் காற்றின் ஈரப்பதன் 90 வீதத்தைத் தொடுவதும், கோடை நண்பகலில் 60 வீதத்துக்குக் கீழே இறங்குவதும் எங்களுக்குப் புதினமல்ல. ஆனால் இப்போது அந்த ஏற்ற இறக்கமே கட்டுக்கடங்காமல் போகிறது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் இலங்கை நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சியைக் கண்டது. அடுத்த ஆண்டே, 2018 டிசெம்பரில், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்தது. வயல் செய்கிறவர் இதைக் கணக்கில் எடுக்கிறார். வீடு கட்டுகிறவர் கணக்கில் எடுக்கிறார். இசைக்கருவி வாங்குகிறவர் மட்டும் ஏன் கணக்கில் எடுப்பதில்லை?

மரத்துக்கு ஈரம் என்ன செய்யும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு நல்ல கிற்றாரின் முகப்பலகை ஸ்புறூஸ் என்ற குளிர்நாட்டு மரத்தால் ஆனது. அதன் தடிப்பு இரண்டரை முதல் மூன்று மில்லிமீற்றர், அகலம் ஏறக்குறைய 400 மில்லிமீற்றர். காற்றின் ஈரப்பதன் 45 முதல் 50 வீதத்துக்குள் வைக்கப்பட்ட அறைக்குள் அதைக் கட்டுகிறார்கள். அப்போது மரத்துக்குள் இருக்கும் நீர் அதன் எடையில் 9 வீதம் அளவில். அந்தக் கருவி பெட்டிக்குள் அடைபட்டுக் கப்பலேறி மாங்குளத்துக்கோ ஒட்டுசுட்டானுக்கோ வந்து, ஒரு மாரி முழுவதும் பாடசாலைக் களஞ்சிய அறையில் கிடக்கிறது. மரத்துக்குள் இருக்கும் நீர் 15 வீதமாகிறது. மரம் நார்ப்போக்கில் நீளாது, நாருக்குக் குறுக்கேதான் விரியும். கணக்குப் போட்டால் அந்தப் பலகை மூன்றரை மில்லிமீற்றர் அகலிக்க வேண்டும். அகலிக்க இடம் எங்கே? சுற்றிலும் பக்கப்பலகையோடு ஒட்டியாயிற்று, அடியில் தாங்குசட்டங்களோடு ஒட்டியாயிற்று. போக வழியில்லாத பலகை மேலே எழும்புகிறது. மேலே ஆறு உருக்குத் தந்திகள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய எழுபது கிலோ இழுவையோடு, பலகையின் மேல் ஒட்டிய பாலத்தைப் பிடித்து ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பலகை புடைக்கிறது, பாலம் முன்னுக்குச் சாய்கிறது, கழுத்து வளைகிறது. பிறகு கோடை வருகிறது. புடைத்த பலகை சுருங்கும்போது எங்கே பலவீனமோ அங்கே ஒட்டு விடுகிறது, நார்ப்போக்கில் வெடிப்பு ஓடுகிறது. ஒரு மாரியும் ஒரு கோடையும் கருவியைக் கொன்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து மாரியும் ஐந்து கோடையும் கண்ட கிற்றாரை எடுத்துப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். கழுத்து நேராக இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் கெடுவது கருவி மட்டுமானால் நான் இவ்வளவு தூரம் பேசமாட்டேன். கெடுவது பிள்ளையின் கல்வி. சீராகப் பூட்டிய கிற்றாரில் பன்னிரண்டாவது கட்டையின் மேல் தடித்த தந்தி இரண்டரை மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கும். பலகை புடைத்துக் கழுத்து வளைந்தால் அது நாலு, ஐந்து மில்லிமீற்றராகிவிடும். பெரிய ஆளின் விரலுக்கே அது வலி. பத்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு? தந்தியை அடிவரை அழுத்த அந்தப் பிள்ளையால் முடியாது. அழுத்தினாலும் தந்தி அளவுக்கு மேல் இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். எந்தச் சுருதியில் கூட்டினாலும் மேற்கட்டையில் பிசகும். பிள்ளை என்ன நினைக்கும்? கருவி பழுது என்று நினைக்காது. தனக்குக் காது இல்லை, தனக்குக் கை வராது, தனக்கு இசை சரிவராது என்று நினைக்கும். கிற்றார் சுவரில் தொங்கத் தொடங்கும். பள்ளிக்கூடத்துக்கு இசைக்கருவி வந்தது என்று பதிவேட்டில் இருக்கும், பாட்டு வந்திருக்காது.

இதற்குத்தான் பராமரிப்பு இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். கருவியோடு வரும் கைந்நூலைப் பாருங்கள். அறையின் ஈரப்பதனை 45 முதல் 55 வீதத்துக்குள் வைத்திருக்கச் சொல்லும். ஈரமானி வாங்கச் சொல்லும், கெட்டியான பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொதிகளோடு பூட்டிவைக்கச் சொல்லும், வாகனத்துக்குள் விடாதே என்று சொல்லும். ஒவ்வொன்றும் சரியான அறிவுரை. கொழும்பில் குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அது பொருந்தும். தகரக் கூரையும் திறந்த யன்னலும் உள்ள வகுப்பறைக்கு? கடற்காற்று நேரே வந்து மோதும் தேவாலயப் பாடகர் குழுவுக்கு? மரக் கிற்றார் தனக்கென்று ஓர் அறையைக் கேட்கிறது. அந்த அறை எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோரிடம் இல்லை. அப்படியானால் மாறவேண்டியது யார்? பிள்ளையா, கருவியா?

கருவி மாறுவதா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கருவிகள் மாறாமல் இருந்த காலமே இல்லை. பறை அடிக்கிறவர் அடிக்க முன்னர் தோலைத் தீயில் காய்ச்சுகிறார். ஈரம் தோலைத் தளர்த்தும் என்ற அறிவு எங்கள் ஊரில் பல நூற்றாண்டு பழையது. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ வேறு எந்தக் கோயில் திருவிழாவுக்கோ வரும் தவிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் தோல்வார் கொண்டு இழுத்துக் கட்டிய இடத்தில் இன்று உலோக வளையமும் முறுக்காணியும் இருக்கின்றன. யாராவது அதைத் தவில் அல்ல என்று சொன்னார்களா? பெங்களூரில் கே. வரதரங்கன் கண்ணாடி நார்க் கட்டையும் செயற்கைத் தோலும் கொண்டு மிருதங்கமே செய்திருக்கிறார். கிற்றாரின் கதையும் அதுதான். அதன் தந்தி பல காலம் ஆட்டுக் குடலால் ஆனது. இரண்டாம் உலகப் போர் அந்தக் குடல்தந்திக்குத் தட்டுப்பாடு கொண்டுவந்தபோது, நியூயோர்க்கில் அல்பேட் ஒகஸ்ரின் என்ற கருவிக் கைவினைஞர் நைலோன் இழையில் தந்தி செய்தார். அதை ஏற்று மேடையில் வாசித்தவர் அந்தக் காலத்தின் முதற்பெரும் கலைஞரான ஆந்திரே செகோவியா. இன்று செவ்வியல் கிற்றாரின் மரபுத் தந்தி எது என்று கேட்டால் நைலோன் என்பார்கள். எண்பது ஆண்டுக்குள் புதுமை மரபாகிவிட்டது.

உடம்பும் அப்படித்தான் மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் சாள்ஸ் காமன் என்பவர் ஹெலிகொப்ரர் கட்டியவர், கிற்றாரும் வாசித்தவர். சுழலும் இறக்கையின் அதிர்வை அடக்குவது அவருடைய தொழில். அதே அறிவைத் திருப்பிப் போட்டு, அதிர்வை அடக்காமல் வளர்க்கும் ஒரு கருவியைச் செய்தார். 1966இல் வெளிவந்த ஓவேஷன் கிற்றாரின் முதுகு, கண்ணாடி நாரில் வார்த்த ஒரே கிண்ணம். மூலை இல்லை, ஒட்டு இல்லை, வெடிப்பதற்கு இடமும் இல்லை. ஆனால் முகம் மட்டும் ஸ்புறூஸ்தான். முதுகு காலநிலைக்கு அசையவில்லை, முகம் அசைந்தது. பாதித் தீர்வு பாதி நோயைத்தான் தீர்க்கும் என்பதைக் கண்ட அதே நிறுவனம் பத்து ஆண்டு கழித்து, 1976இல், காபன் நாரும் மெல்லிய மர ஏடும் அடுக்கிய முகத்தோடு அடமாஸ் என்ற கிற்றாரைக் கொண்டுவந்தது. பிறகு 1990களில் ஹவாய்த் தீவில் ஜோன் டெக்கர் என்ற பௌதிகவியலாளர் முழு உடம்பையும் கழுத்தையும் காபன் நாரிலேயே செய்தார். தன் கருவிக்கு அவர் வைத்த பெயர் றெயின்சோங். மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் வாழும் ஒரு தீவில் அந்த எண்ணம் பிறந்தது தற்செயலா? குளிர்ந்த, சீரான அறைக்குள் இருப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. காலநிலையோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தான் எழும்.

இப்போது என் வாதத்தின் நடுவுக்கு வருகிறேன். பொஸ்ரன் நகரத்துச் சிம்பொனி இசைக்குழுவில் செலோ வாசித்தவர் லூயிஸ் லெகியா. அவருக்குப் பாய்மரப் படகோட்டத்தில் விருப்பம். அலை மோதும்போது தன் படகின் நார்க்கூடு உரக்க முழங்குவதை அவர் கவனித்தார். இவ்வளவு மெல்லிய கூடு இவ்வளவு பெரிய ஓசையைத் தருகிறதே, இதே பொருளில் செலோ செய்தால் என்ன என்று கேட்டார். யாரிடம் போனார்? வயலின் கட்டுகிறவரிடம் போகவில்லை. ஸ்ரீவ் கிளாக் என்ற படகு கட்டுகிறவரிடம் போனார். இருவருமாகச் சேர்ந்து செய்த காபன் செலோ இன்று உலக மேடைகளில் ஒலிக்கிறது. படகு கட்டும் கை இசைக்கருவி கட்டியது என்ற இந்தச் செய்தியை முல்லைத்தீவுக் கரையில் நின்று கேட்டுப்பாருங்கள். அது அமெரிக்கச் செய்தியாகக் கேட்காது.

ஏனென்றால் எங்கள் கரை இந்த மாற்றத்தை ஏற்கெனவே முடித்துவிட்டது. இலங்கையில் 1960களில் கண்ணாடி நார்ப் படகு வந்தது. காரைநகரில் நோர்வே நாட்டு உதவியோடு எழுந்த சீநோர் படகுத்தளம் வடக்கின் கடற்றொழிலாளர்களுக்கு அதைப் பழக்கப்படுத்தியது. மரத்தில் கட்டிய வள்ளமும் கட்டுமரமும் கரையை ஆண்ட காலத்தில், பிளாஸ்ரிக் வள்ளம் கடலில் நிற்குமா, மரம் போலத் தாங்குமா என்று கேட்டவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவைச் சூறையாடியது. அதற்குப் பிறகு கரைக்கு வந்த படகுகளில் மிகப் பெரும்பாலானவை நார்ப் படகுகள். இன்று கள்ளப்பாட்டிலும் அளம்பிலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் கரையில் ஏற்றியிருப்பது அவைதாம். அடி உரசினாலோ பாறையில் மோதி வெடித்தாலோ படகுக்காரர் என்ன செய்கிறார்? வெடிப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார், நார்த் துணியை அளவுக்கு வெட்டுகிறார், றெசின் என்ற பிசினில் அதை இறுகச்செய்யும் ஹார்டனரைக் கலக்குகிறார், துணியின் மேல் பூசிக் காற்றுக்குமிழி இல்லாமல் உருளையால் அழுத்துகிறார், காயவிட்டுத் தேய்க்கிறார். எவ்வளவு ஹார்டனர் விட்டால் எவ்வளவு நேரத்தில் இறுகும், வெயில் கூடிய நாளில் எவ்வளவு குறைக்கவேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஐயா, காமனின் தொழிற்சாலையில் கிண்ணம் வார்த்தவர்களின் வேலையும் அடிப்படையில் இதுதான். உயிரையே நம்பிக் கடலுக்குக் கொண்டுபோகும் பொருளை, பாட்டுக்கு நம்ப மாட்டோமா?

ஆனால் படகுக்குப் போட்டதை அப்படியே கிற்றாருக்குப் போடலாம் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். வித்தியாசம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்கவேண்டும். படகுக்குப் பாவிக்கும் பொலியெஸ்ரர் றெசின் இறுகும்போது கன அளவில் 5 வீதத்துக்கு மேல் சுருங்கும், நீண்டகால இழுவைக்கு மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும். எழுபது கிலோ இழுவையை ஆண்டுக்கணக்கில் தாங்கவேண்டிய கழுத்துக்கு அது போதாது. எப்பொக்சி றெசின் வேண்டும். அந்த எப்பொக்சியையும் நிழலில் இறுகவிட்டால் மட்டும் போதாது, பிறகு சூட்டில் பதப்படுத்தவேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் மரக் கிற்றாரின் பசை இளகுவது போலவே இதுவும் இளகும். இரண்டாவது, முகம். ஒரு கன சென்ரிமீற்றர் ஸ்புறூஸ் 0.4 கிராம் அளவில்தான் நிறுக்கும். படகுக்குப் போடும் கண்ணாடி நார்த் தகடு அதைவிட ஏறக்குறைய நாலு மடங்கு பாரம், நார்ப்போக்கில் ஸ்புறூஸ் காட்டும் விறைப்போ அதற்கு இல்லை. பாரமும் தளர்ச்சியும் சேர்ந்த முகம் ஊமையாகிவிடும். ஆகவே முகத்துக்குக் கண்ணாடி நார் வேண்டாம். காபன் நார் மெல்லிய தகடாகவே போதிய விறைப்பைத் தரும். காபனுக்குக் காசு இல்லையென்றால் குறுக்கு நெடுக்காக ஏடு அடுக்கி ஒட்டிய மரத்தகடு முகமாகலாம். ஓர் ஏடு விரிய முனைந்தால் அடுத்த ஏடு அதைப் பிடித்துக்கொள்ளும். முதுகும் பக்கமும் கண்ணாடி நார், கழுத்துக்குள் காபன் சட்டம், முகத்துக்குக் காபனோ அடுக்குத் தகடோ என்று வைத்தால் வன்னியின் மாரிக்கும் கோடைக்கும் ஏற்ற பாடசாலைக் கிற்றார் ஒன்று கண்முன் நிற்கிறது.

எல்லாம் சரி, சத்தம்? மரத்தின் நாதம் பிளாஸ்ரிக்குக்கு வருமா? இதுதான் இந்த அவையில் பலருடைய மனதில் இருக்கும் கேள்வி. இதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. இன்றைய கிற்றாரின் வடிவத்தை நிலைநாட்டியவர் என்று போற்றப்படும் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தொறெஸ், 1862இல் ஒரு கிற்றாருக்கு முதுகையும் பக்கத்தையும் அட்டையால் செய்தார். ஆம், காகித அட்டை. நாதத்தின் உயிர் முகப்பலகையில் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே அதைச் செய்தார். அந்தக் கருவி இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகும் பக்கமும் மட்டும் ஆறு வேறு மரங்களில் அமைந்த ஆறு கிற்றார்களை ஐம்பத்திரண்டு வாசிப்பவர்களின் கையில் கொடுத்தார்கள். கண்ணால் கண்டு முடிவு செய்யாதிருக்க மங்கிய வெளிச்சத்தில், பற்றவைப்பவர் போடும் கறுப்புக் கண்ணாடியோடு வாசிக்க வைத்தார்கள். விலையுயர்ந்த பிரேசில் றோஸ்வூட்டுக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. அப்படியானால் முதுகையும் பக்கத்தையும் பற்றிய அச்சத்தில் பெரும்பங்கு, கண் காதுக்குச் சொல்லிக்கொடுத்த அச்சம்.

முகத்தின் கதை வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். மரம் சில உயர்ந்த அதிர்வுகளைத் தனக்குள் விழுங்கிவிடும், காபன் அவ்வளவு விழுங்காது. அதனால் காபன் முகத்தின் ஒலி சற்றுத் தெளிவாக, சற்றுக் கூர்மையாக, நீண்டு நிற்கும். பழைய மரக் கிற்றாரின் கனிவு வேண்டுமென்கிற தேர்ந்த கலைஞர் அதையே வைத்திருக்கட்டும், அதற்கு வேண்டிய அறையையும் வைத்திருக்கட்டும். ஆனால் நாங்கள் ஒப்பிடவேண்டியது எதோடு எதை? நல்ல அறையில் வாழும் நல்ல மரக் கிற்றாரோடு காபனை ஒப்பிடுவது எங்கள் கேள்விக்கு விடையல்ல. முழங்காவில் பாடசாலையில் நாலு மாரி கண்டு, பாலம் எழும்பி, கழுத்து வளைந்து, சுருதி நிற்காத மரக் கிற்றாரோடு ஒப்பிடுங்கள். 2009 ஜனவரியில் பராக் ஒபாமா பதவியேற்றபோது உலகின் தலைசிறந்த நாலு கலைஞர்கள் திறந்தவெளியில் வாசிப்பதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். குளிருக்குக் கருவிகள் சுருதியில் நில்லா என்பதால் மக்கள் கேட்டது முன்பே பதிவுசெய்த ஒலியைத்தான். உலகத்தின் மிகச் சிறந்த மரக்கருவிகளே காலநிலையிடம் தோற்ற நாள் அது.

இன்னொரு கேள்வி வரும். எங்கள் காட்டிலேயே மரம் இருக்கிறதே, இந்தக் காலநிலையில் வளர்ந்த மரம் இந்தக் காலநிலைக்குத் தாக்குப்பிடிக்காதா? கேள்வியில் நியாயம் உண்டு. இங்கேயே, இந்த ஈரப்பதனில், நன்கு பதப்படுத்திக் கட்டிய மரக் கிற்றார், குளிர்நாட்டில் கட்டி இறக்கியதைவிட நிச்சயம் நீண்டு நிற்கும். ஆனால் முதிரையும் பாலையும் வீரையும் பாரமான மரங்கள், முகத்துக்கு உதவா. கருங்காலியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இலங்கையின் உலர்வலயக் காட்டுக் கருங்காலி ஒரு காலம் ஐரோப்பியக் கருவிகளின் விரற்பலகையாகவும் பியானோவின் கறுப்புக் கட்டையாகவும் போய்ச் சேர்ந்தது. இன்று அதை மரமாகவே வெளிநாட்டுக்கு விற்பதைச் சட்டம் தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். உலகமும் இந்தச் சுவரில் முட்டிவிட்டது. 2017இல் றோஸ்வூட் எனப்படும் ஈட்டி இன மரங்கள் அத்தனையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019இல்தான் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. புகழ்பெற்ற கிப்சன் கிற்றார் நிறுவனம் விரற்பலகை மர இறக்குமதி வழக்கில் 2012இல் மூன்று இலட்சம் டொலர் தண்டம் கட்டியது. இன்று பெரிய நிறுவனங்களே காகிதத்தையும் றெசினையும் அழுத்திச் செய்த கறுப்புத் தகட்டை விரற்பலகையாகப் போடுகின்றன. மேசைக்கு ஒட்டும் போமைக்கா வகைத் தகட்டால் மாட்டின் என்ற கிற்றார் நிறுவனம் கிற்றார் உடம்பே செய்கிறது. போரிலும் போருக்குப் பிறகும் மரம் இழந்த எங்கள் காட்டிடம், இசைக்காக இன்னும் கொஞ்சம் தா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் பிளாஸ்ரிக் குப்பை என்ன ஆகும் என்று ஓர் இளைஞர் கேட்பார். கேட்கவேண்டும். நார்த் தகட்டை உருக்கி மீண்டும் எடுக்க இலகுவான வழி இல்லை. தேய்க்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு, முகமூடியும் கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட அந்த வேலைக்கு விடக்கூடாது. இதை மறைத்துவிட்டு நன்மையை மட்டும் பேசுவது முறையல்ல. ஆயினும் ஒரு முறை செய்து முப்பது ஆண்டு நிற்கும் கருவியையும், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை எறிந்துவிட்டுப் புதிதாக இறக்குமதி செய்யும் கருவியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு மேலே ஒரு வழியும் திறந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் பிளாக்பேட் நிறுவனம் ஆளிச்செடியின் நாரையும் தாவரவழி றெசினையும் கொண்டு கிற்றார் செய்கிறது. எங்களிடம் பனந்தும்பு இருக்கிறது. 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாவர நார் ஈரம் குடிக்கும் என்பது அதன் குறை. றெசின் நாரின் உள்ளே வரை ஊறினால்தான் அது அடங்கும். பனந்தும்பு கிற்றாரின் முதுகாகுமா என்று நான் முடிவு சொல்லவரவில்லை. சோதித்துப் பார்க்கத் தகுந்த கேள்வி என்று சொல்லவருகிறேன்.

விலையைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. முழுக் காபன் கிற்றார் ஆயிரம் டொலருக்கு மேலும் போகும், அதை வாங்கும்படி எந்தப் பாடசாலைக்கும் நான் சொல்லமாட்டேன். அடுக்குத் தகட்டுக் கிற்றார் இன்றே கைக்கெட்டும் விலையில் இருக்கிறது. இங்கேயே வார்க்கும் கிண்ணத்துக்கு அச்சு ஒன்றுதான் பெரிய செலவு. அச்சு ஒன்று இருந்தால் நூறு கிண்ணம் எடுக்கலாம்.

இந்தக் கருவி எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உருக்குத் தந்தி முல்லைத்தீவு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், காபன் உடம்பு அதைக் காப்பாற்றாது. வெயிலில் தந்தி நீளும், சுருதி இறங்கும். உடம்பு அசையாவிட்டாலும் தந்தி அசையும். ஆகவே வாசித்தபின் தந்தியைத் துடைப்பதையும் வாசிக்க முன் சுருதி கூட்டுவதையும் எந்தப் பொருளும் மிச்சப்படுத்தித் தராது. மாறுவது இதுதான்: சுருதி கூட்டினால் அது நிற்கும், தந்தியின் உயரம் மார்கழியிலும் ஆவணியிலும் ஒன்றாக இருக்கும், பிள்ளையின் விரல் தன் பழக்கத்தை இழக்காது.

நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் 1970களில் ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையை ஊரூராகக் கொண்டுபோனபோது கிற்றார் எங்கள் பாட்டுக்குள் வந்துவிட்டது. இன்று தேவாலயத்தில் இருக்கிறது, பாடசாலை மேடையில் இருக்கிறது, திருமண மண்டபத்தில் இருக்கிறது. அது எங்கள் கருவி. எங்கள் கருவி எங்கள் வானத்தின் கீழ் நிற்கவேண்டும் என்று கேட்பது பேராசையா? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது, இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. 2021 ஓகஸ்ட் முதல் வவுனியாவுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிடத்திலிருந்தும் முல்லைத்தீவுப் படகுத்துறை ஒரு பேருந்துப் பயணம். அறிவு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இரண்டும் இன்னும் ஒரே மேசையில் இருந்து கதைக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோளை வைக்கிறேன். பொறியியல் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறீர்களானால், ஒரு கிற்றார் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காபனிலும் அடுக்குத் தகட்டிலும் செய்து, ஒரு மாரியும் ஒரு கோடையும் திறந்த அறையில் வைத்து, மாதத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். படகு திருத்தும் அண்ணன்மாரே, அந்தப் பிள்ளைகள் வந்து கேட்டால் உருளையை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுங்கள். அதிபர்களே, பழைய மாணவர் சங்கத்தாரே, புலம்பெயர்ந்த உறவுகள் பாடசாலைக்குக் கிற்றார் அனுப்பக் கேட்கும்போது, முழு மரத்தில் வேண்டாம், அடுக்குத் தகட்டிலோ நாரிலோ செய்ததை அனுப்புங்கள் என்று எழுதுங்கள். அடுத்த வாடைக்காற்றுக்கு முன்னரே எழுதுங்கள்.